சனிக்கிழமைகளில் ரோச் பிடித்து நின்ற ஐயாவுக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்பான திருகோணமலை உறவுகளுக்கு,

நிதி சேர்ப்பதற்காகத் திருகோணமலையிலிருந்து மூன்று நாள் சைக்கிள் ஓடி, வெள்ளிக்கிழமை பின்னேரம் நாங்கள் எட்டுப் பேரும் தெல்லிப்பழை ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம். இன்று திங்கள். கால் இன்னும் கனக்கிறது. உள்ளங்கையில் தோல் உரிந்து கிடக்கிறது. யாராவது “எப்படிப் போச்சு?” என்று கேட்டாலே கண் கலங்கிவிடுகிறது. ஆறப்போட்டால் பாதி மறந்துபோகும் என்ற பயத்தில் இப்போதே எழுதுகிறேன்.

பயிற்சிக்கிடையில் உப்புவெளியில் எனக்கு நடந்த விபத்தைத் திரும்ப எழுத எனக்கு மனமில்லை. அன்று ரோட்டில் என்னைத் தூக்கியவர்கள் நீங்கள்தான். விடியும்வரை ஆஸ்பத்திரியில் நின்றவர்களும் நீங்கள்தான். அக்காவின் புற்றுநோய்க் கதையும் உங்களுக்குத் தெரியும். அவளோடு தெல்லிப்பழைக்குப் பஸ்ஸில் போய் வந்த மாதங்களில் மூதூர்ப் பக்கத்துத் தாய் ஒருவரைச் சந்தித்தோம். பஸ் காசு சேரவில்லை என்று ஒரு தவணைச் சிகிச்சையை அவர் தள்ளிப்போட்டிருந்தார். அதைக் கேட்ட இரவு அக்காவுக்கு நித்திரை வரவில்லை. அந்த ஆஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவுக் கட்டடமே, 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் நடந்து போனவர்கள் சேர்த்த நிதியில் எழுந்தது. “அவங்கள் நடந்தே போயிருக்கிறாங்கள். உன்னாலை சைக்கிளில போகேலாதோ?” என்று அவள்தான் முதலில் கேட்டாள். சேர்ந்த பணம் முழுவதும் இங்கிருந்து சிகிச்சைக்குப் போய் வருபவர்களின் பயணச் செலவுக்குத்தான் போகிறது. கணக்கைத் தனியாக எழுதி ஒட்டுவோம்.

சித்திரை வருசம் முடிந்த கிழமையே பயிற்சி தொடங்கியது. ஓட்டத்துக்கு ஆவணி மாதத்தைத் தெரிந்ததற்குக் காரணம் காற்று. அந்த நாட்களில் தென்மேற்கிலிருந்து வீசும். வவுனியா தாண்டி வடக்கே திரும்பினால் முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல இருக்கும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னார்கள். உண்மைதான், தள்ளியது. ஆனால் அதே காற்றுக்குள்தான் பயிற்சியும் எடுக்க வேண்டியிருந்தது. கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் நிலாவெளி ரோட்டில் பத்து மணிக்கு மேல் சைக்கிள் மிதித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. போகும்போது ஒன்றும் தெரியாது. திரும்பி வரும்போது அடுப்படிக்குள் முகத்தை நீட்டியதுபோல வெக்கை அடிக்கும், மிதிக்க மிதிக்கச் சைக்கிள் நகராது. அதனால் விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் வீடு சேர்வதுதான் வழி.

கிழமை நாட்களில் ஏற்றம் பழகினோம். எங்கள் ஊரில் பெரிய மலை ஏது? கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை உள்ள ஏற்றம்தான் எங்கள் மலை. வழியில் மான்கள் படுத்திருக்கும், மணியடித்தாலும் எழும்பாது, சுற்றித்தான் போக வேண்டும். பக்கக் காற்றில் சைக்கிளை நேராகப் பிடிக்கக் கிண்ணியாப் பாலத்துக்குப் போனோம். 2009இல் திறந்த 396 மீற்றர் பாலம். அதில் ஏறினால் காற்று பக்கவாட்டில் வந்து முன் சில்லைத் திருப்பப் பார்க்கும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் இன்னும் ஆடும், முழங்கையைத் தளர்த்தி விட வேண்டும். இதை அங்கே பழகியிருக்காவிட்டால் ஆனையிறவில் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

சனிக்கிழமைகள் நீண்ட ஓட்டத்துக்கு. முதலில் நிலாவெளி வரை, போக வர முப்பது கிலோமீற்றர். பிறகு இறக்கக்கண்டி தாண்டி, அதற்குப் பிறகு குச்சவெளி. கடைசியில் புல்மோட்டை வரை போய்த் திரும்பினால் நூறுக்கு மேல். ஒரே முறையில் கூட்டக் கூடாது, கிழமைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தூரம் ஏற வேண்டும். அதற்கிடையில்தான் அந்த உப்புவெளி விபத்து வந்தது.

மூன்று கிழமை வீட்டில் கிடந்தேன். இடது கையின் கட்டு அவிழ்த்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை, யாருக்கும் சொல்லாமல் தனியாகப் புறப்பட்டேன். மற்றவர்கள் ஏற்கனவே குச்சவெளி வரை போகத் தொடங்கியிருந்தார்கள். அவர்களோடு சேர்ந்தால் என்னால் அவர்களுக்குத் தாமதம், நான் பயப்படுவதையும் பார்த்துவிடுவார்கள் என்று நினைத்தேன். நிலாவெளி வரை போய்த் திரும்பினால் போதும் என்றுதான் எண்ணம்.

சாம்பல்தீவு தாண்டி ஓரிடத்தில் மூன்று நாய்கள். முன்பும் துரத்தும், அப்போதெல்லாம் நாலு மிதி வேகமாக மிதித்துத் தப்பிவிடுவேன். அன்று அவை குரைத்துக்கொண்டு வந்ததும் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. இறங்கிவிட்டேன். சைக்கிளை எனக்கும் நாய்களுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, இருட்டில், நடு ரோட்டில் நின்று அழுதேன். நாற்பத்து மூன்று வயதுப் பெண் அப்படி அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. அன்று நான் வீட்டுக்குத் திரும்பியிருந்தால் அதோடு எல்லாம் முடிந்திருக்கும்.

ஒரு படலை திறந்தது. சாரத்தோடு வயதான ஒருவர் ரோச் லைற்றுடன் வந்தார். நாய்களை ஒரு சத்தத்தில் உள்ளே துரத்தினார். நான் அழுததைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. ஏன் இந்த நேரத்தில் தனியாக வந்தாய் என்றும் கேட்கவில்லை. “எத்தினை மணிக்கு வாறனீங்கள்?” என்றார். சனிக்கிழமைகளில் ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் என்றேன். “சரி” என்றார். அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை அந்த இடம் நெருங்க நெருங்க வயிறு கலங்கியது. இறங்கி உருட்டிக்கொண்டு போவோம் என்று முடிவெடுத்திருந்தேன். தூரத்தில் ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. கிட்டப் போனால் படலையடியில் அவர் நிற்கிறார். பின்னால் தென்னையில் மூன்று நாய்களும் நீல நிற நைலோன் கயிற்றால் கட்டியிருக்கின்றன, வலைக்குப் பாவிக்கும் கயிறு. ரோச்சை அவர் என் முகத்துக்கு அடிக்கவில்லை. கரையில் தார் உடைந்து மணல் ஏறிக் கிடந்த இடத்துக்கு அடித்துப் பிடித்திருந்தார், சில்லு அதில் சறுக்கக் கூடாது என்று. “கட்டியிருக்கு பிள்ளை, போங்கோ” என்றார். நான் இறங்காமலே “நன்றி ஐயா” என்று சொல்லிவிட்டு மிதித்தேன். அன்று நிலாவெளியில் திரும்பவில்லை. குச்சவெளி வரை போனேன்.

அதற்குப் பிறகு எட்டுச் சனிக்கிழமைகள். ஒரு நாள்கூட அவர் தவறவில்லை. நான் மற்றவர்களோடு மீண்டும் சேர்ந்த பிறகும் நின்றார். எட்டு சைக்கிளும் கடந்து முடியும்வரை அந்த ரோச் வெளிச்சம் மணலிலேயே இருக்கும். ஒரு சனிக்கிழமை உப்புவெளியில் காற்றுப் போய், ரியூப் மாற்றி, முக்கால் மணித்தியாலம் பிந்தி வந்தோம். வானம் வெளுத்துவிட்டது, ரோச் தேவையில்லை. அவர் கவிழ்த்துப் போட்ட பழைய தோணியில் குந்தியிருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பி, அதையேதான் சொன்னார்: “கட்டியிருக்கு, போங்கோ.” ஆறாம் ஏழாம் கிழமையில் நாய்கள் எங்களைப் பார்த்துக் குரைப்பதையே விட்டுவிட்டன. இனிக் கட்டத் தேவையில்லை ஐயா என்று ஓடிக்கொண்டே கத்தினேன். “நாயை நம்பேலாது பிள்ளை” என்ற பதில் பின்னாலிருந்து வந்தது.

நாங்கள் ஏன் ஓடுகிறோம், எங்கே போகப்போகிறோம் என்று அவருக்கு நான் சொல்லவேயில்லை. அவர் கேட்கவுமில்லை.

மற்ற எல்லோருக்கும் தனித்தனியாக எழுதினால் இந்த மடல் முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் முன்பக்கம் வலிக்கிறது என்று போனபோது, சீற்றை இரண்டு விரல் உயர்த்திவிட்டு “இப்ப ஓடிப் பாருங்கோ” என்ற சைக்கிள் கடை அண்ணனுக்கு நன்றி. சீற் பதிந்திருந்தால் முழங்கால்தான் தாங்க வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது, அதற்குப் பிறகு வலி வரவில்லை. தண்ணீரை மட்டும் குடிக்காதே, வேர்வையில் உப்பும் போகிறது என்று சொல்லி, ஒரு லீற்றருக்கு ஒரு ஜீவனி உப்புக் கரைசல் பக்கெட் என்று கணக்குப் பார்த்துக் கட்டித் தந்த தங்கைக்கு நன்றி. கிண்ணியாவில் ஒவ்வொரு முறையும் காசு வாங்காமல் தேத்தண்ணி தந்த நானா, உண்டியலை உடைத்துச் சில்லறையைப் பையோடு கொண்டுவந்து மேசையில் வைத்த என் வகுப்புப் பிள்ளைகள், ஹொரவப்பொத்தானை தாண்டி எங்களை மறித்துத் தம்பிலி இளநீர் வெட்டித் தந்த சிங்களக் குடும்பம், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பாய் விரித்துச் சோறு போட்ட வீடுகள், மூன்று நாளும் பின்னால் வானை ஊர்ந்து ஓட்டிய தம்பி, எல்லோருக்கும் எங்கள் எட்டுப் பேரின் கைகூப்பு. எனக்குக் கை நடுங்குவதைப் பார்த்தும் பார்க்காததுபோல என் பின்னாலேயே வந்த ஏழு பேருக்கும் என்ன சொல்வது? நீங்கள் எனக்கு இனிக் கூடப்பிறந்தவர்கள்.

மூன்றாம் நாள் கிளிநொச்சியிலிருந்து நாலரை மணிக்குப் புறப்பட்டோம். ஆனையிறவை நெருங்கும்போது இன்னும் முழுதாக விடியவில்லை. இரண்டு பக்கமும் உப்புநீர், நடுவில் ரோடு, இடது பக்கத்திலிருந்து காற்று. முழங்கையைத் தளர்த்திவிட்டேன். பின்னால் வந்த வானின் வெளிச்சம் என் முன் சில்லுக்கு முன்னால் ரோட்டில் விழுந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் சாம்பல்தீவு ரோட்டு ரோச்தான் நினைவுக்கு வந்தது. தெல்லிப்பழை வாசலில் நன்றி சொல்ல ஒரு பட்டியல் வைத்திருந்தோம், ஒவ்வொரு பெயராக வாசித்தோம். அவருடைய பெயர் அதில் இல்லை. எனக்கு அவருடைய பெயரே தெரியாது.

வெள்ளி இரவு பஸ்ஸில் திரும்பி வந்து, சனிக்கிழமை பத்து மணி வரை நித்திரை கொண்டேன். நேற்று, ஞாயிற்றுக்கிழமை, ஒரு சீப்பு வாழைப்பழமும் நல்லூர்ப் பிரசாதமும் எடுத்துக்கொண்டு அவருடைய படலையடிக்குப் போனேன். பகலில் அந்த இடத்தில் இறங்கி நின்றது அதுதான் முதல் தடவை. படலையைத் தட்டினேன், கூப்பிட்டேன், வரவில்லை. பேத்திதான் வந்தாள். அப்பப்பாவுக்குக் காது சரியாகக் கேளாது என்றாள். “அலாரம் அடிச்சாலும் கேக்காது. போனைத் தலைமாட்டில வைக்காமல் நெஞ்சில வைச்சுக்கொண்டுதான் வெள்ளிக்கிழமையில படுப்பார், அது நடுங்கினால் எழும்பலாம் எண்டு.”

பிறகு அவர் வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. முதல் கேள்வியே, “நேற்று ஏன் வரேல்லை பிள்ளை? சுகமில்லையோ?”

நாங்கள் ஓடி முடித்துவிட்டோம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சனிக்கிழமை நான் நித்திரையில் கிடந்தபோது, அவர் நாலரைக்கு எழும்பி, மூன்று நாய்களையும் கட்டி, ரோச்சோடு படலையடியில் நின்றிருக்கிறார். ஆறு மணி வரை நின்றாராம். பேத்தி வந்து கூப்பிட்டும் உள்ளே போகவில்லையாம், போன முறைபோலக் காற்றுப் போயிருக்கும் என்று.

எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு எல்லாவற்றையும் அவருடைய காதருகே குனிந்து சொன்னேன். அக்காவைப் பற்றி, மூதூர்த் தாயைப் பற்றி, உப்புவெளியைப் பற்றி. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். “பேரைப் போட்டு எழுதட்டுமா ஐயா?” என்றேன். “வேண்டாம், நான் என்ன செய்தனான்? நாயைத்தானே கட்டினனான்” என்றார். சொன்னபடி பெயரை எழுதவில்லை. ஆனால் அந்த வழியால் போகிறவர்கள் நீலக் கயிற்றைக் கண்டால் அது அவர் வீடு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஐயா, உங்கள் பேத்தி இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். சைக்கிளை நான் மூலையில் சாத்தி வைக்கப் போவதில்லை. என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்து ஓட வரட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள், தாய் தகப்பனிடம் பேசிவிட்டேன். வராத கிழமை என்றால் வெள்ளி பின்னேரமே பேத்தியின் போனுக்குச் சொல்லிவிடுவேன், இனி ஒருநாளும் உங்களைச் சும்மா நிற்க வைக்க மாட்டேன். வருகிற சனிக்கிழமை ஐந்து மணிக்கு முன்னால் மூன்று பேராக வருகிறோம். இந்த முறை ஓடிக்கொண்டே நன்றி சொல்ல மாட்டேன். இறங்கி, அந்தத் தோணியில் உங்களோடு இருந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவேன்.