ஹேச்சரிக்காரர்களுக்கு: குஞ்சு பிழைத்தால் மட்டும் போதுமா?

இறால் குஞ்சு விற்கும் ஹேச்சரி உரிமையாளர்களே, வணக்கம்.

குஞ்சு விட்ட 60ஆம் நாள் குளத்தில் வீச்சு வலை போட்டேன். வலை கனமாகத்தான் வந்தது. கொட்டிப் பார்த்தால், 12 கிராம் இறாலுக்குப் பக்கத்திலேயே 3 கிராம் இறால் துள்ளுகிறது. செத்து மிதந்தது எதுவுமில்லை. தீவனம் தின்கிறதா என்று பார்க்க வைக்கும் செக் ட்ரே தட்டிலும் தீவனம் மிச்சமில்லை. குஞ்சு தந்தவரைக் கேட்டேன். "பிழைப்புதான் நல்லா இருக்கே, அப்புறம் என்ன குறை?" என்றார்.

அதுதான் குறை. வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் சில நாளில் குளமே போய்விடும். செலவும் அன்றோடு நிற்கும். இஎச்பி (என்டெரோசைட்டோசூன் ஹெப்பட்டோபெனேயி) அப்படி இல்லை. 2009இல் தாய்லாந்தின் கருப்புப் புலி இறாலில் கண்டு விவரிக்கப்பட்ட இந்த நுண் ஒட்டுண்ணி, இறாலின் செரிமான உறுப்பான கல்லீரல்கணையத்தில் குடியேறி விடுகிறது. தின்றது உடம்பில் ஒட்டாது. சாகவும் விடாது, வளரவும் விடாது. நாம் தீவனம் கொட்டிக்கொண்டே இருப்போம். சதுர மீட்டருக்கு 100 குஞ்சு விடுகிற குளத்தில் ஒன்றின் கழிவு இன்னொன்றின் வாய்க்குப் போக எவ்வளவு நேரமாகும்? பரவுவதற்கு இடையில் வேறு உயிரியும் தேவையில்லை.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு. இந்த ஒட்டுண்ணி தங்கக்கூடிய போன போகத்தின் கருஞ்சேற்றை ஒரு மூலையில் அள்ளாமல் விட்டவன் நான். அடர்த்தியைக் கூட்டினால் லாபம் கூடும் என்று கணக்குப் போட்டவனும் நானே.

ஆனால் குளத்துக்குள் வந்த பிறகு இதற்கு நம்பத்தக்க மருந்து இல்லை. தடுக்கிற இடம் உங்களிடம்தான் இருக்கிறது. தாய் இறாலுக்கு உயிரோடு போடும் கடற்புழுக்கள் வழியாகவும் இது உள்ளே வரும். அவற்றை உறையவைத்துக் கொடுப்பது அப்படியொன்றும் பெரிய வேலையில்லை. தாய் இறாலின் கழிவையும், அனுப்பும் ஒவ்வொரு தொட்டிக் குஞ்சையும் இஎச்பிக்குப் பிசிஆர் என்ற மரபணுச் சோதனை செய்யுங்கள். வெள்ளைப்புள்ளி இல்லை என்று மட்டும் எழுதிய சான்றிதழ் எனக்குப் பாதித் தாள்தான்.

குளத்தைக் காயப்போட்டு, சுண்ணாம்பு போட்டு உழுது, தண்ணீரும் ஏற்றிவிட்டேன். இந்த முறை இஎச்பி இல்லை என்ற சோதனை முடிவோடு வருகிற குஞ்சுப் பைகளைத்தான் அவிழ்ப்பேன்.

இப்படிக்கு,
குளத்துக்காரன் ஒருவன்