எந்தப் பியானோ என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பீத்தோவன் கட்டுரையை ரசித்துப் படித்தேன். மேற்கத்திய செவ்வியல் இசையைப் பற்றித் தமிழில் இவ்வளவு நிதானமாக எழுதுபவர்கள் குறைவு. ஆனால் நடுவில், போகிற போக்கில், ஒரு வரி வருகிறது: அந்தக் காலத்துப் பியானோக்கள் முழுமை பெறாதவை, பீத்தோவன் இன்றைய கிராண்ட் பியானோவை மனதில் வைத்தே எழுதினார் என்று. பல வருடங்களாகப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்து வருகிறேன். இந்த வரியை என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை.

கட்டுரையாளர் விரிவாகப் பேசும் ‘மூன்லைட்’ சொனாட்டாவையே, பல பகுதிகள் கொண்ட அந்தப் பியானோப் படைப்பையே, எடுத்துக்கொள்வோம். (அந்தப் பெயர் பீத்தோவன் வைத்ததல்ல, அவர் காலமான பிறகு ஒட்டிக்கொண்டது. கட்டுரையில் இது விடுபட்டிருக்கிறது.) 1802இல் அச்சான அந்தச் சொனாட்டாவின் தொடக்கத்திலேயே பீத்தோவன் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: இந்தப் பகுதி முழுவதையும் மிக மிக மென்மையாக, டாம்பர் இல்லாமல் வாசிக்க வேண்டும். கட்டையிலிருந்து விரலை எடுத்ததும் தந்தியின்மேல் வந்து படிந்து ஒலியை நிறுத்துவதுதான் டாம்பர். முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம் வரை அதைத் தூக்கியே வைத்திருங்கள் என்கிறார். இன்றைய கணக்கில், வலது பெடலை மிதித்த காலை அந்தப் பகுதி முடியும்வரை எடுக்கவே கூடாது.

இன்றைய கிராண்டில் அதைச் செய்து பாருங்கள். கீழ் ஸ்தாயிச் சுரங்கள் அடங்குவதற்குள் அடுத்த ஹார்மனி, அதாவது சேர்ந்தொலிக்கும் அடுத்த சுரக்கூட்டு, வந்துவிடும், அது போவதற்குள் அதற்கடுத்தது. சில தாளச் சுற்றுகளுக்குள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து இரைச்சலாகிவிடும். அதனால்தான் ஹார்மனி மாறும்போதெல்லாம் பெடலை மாற்று என்று எல்லா ஆசிரியர்களும் சொல்கிறோம். நானும் அதையேதான் சொல்லிக்கொடுக்கிறேன், தேர்வுக்குப் போகும் பிள்ளையிடம் வேறு எதைச் சொல்வது? பீத்தோவனின் மாணவரான செர்னியே, பியானோக்கள் பெருத்துவிட்ட பிற்காலத்தில், கீழ்ச்சுரம் மாறும்போதெல்லாம் பெடலைப் புதிதாக மிதிக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். கருவி மாறியதால் குருவின் சொல்லை மாற்ற வேண்டியதாயிற்று.

பீத்தோவன் தெரியாமலா அப்படி எழுதினார்? ஆன்டன் வால்டர் போன்ற வியன்னாத் தச்சர்கள் அன்று செய்த பியானோவில் இரும்புச் சட்டம் கிடையாது, எல்லாம் மரம். தந்திகள் மெல்லியவை. சுத்தியல்கள் மிகச் சிறியவை, அவற்றின் மேல் இன்றுபோல் கனத்த கம்பளி உறை இல்லை, தோல்தான். தட்டியதும் சுரம் பளிச்சென்று பிறக்கும், சீக்கிரமே மெலிந்துவிடும். டாம்பரைத் தூக்கியே வைத்தாலும் முந்தைய ஹார்மனி அடுத்தது வருவதற்குள் பாதிக்குமேல் கரைந்திருக்கும். மிச்சம் நிற்பது ஒரு லேசான மூட்டம், அவ்வளவே. வியன்னாவுக்குப் போயிருந்தபோது ஒரு சின்ன அரங்கில் வால்டர் பியானோவின் நகலில் இதை வாசிக்கக் கேட்டேன். காலடியில் பெடலே இல்லை. கட்டைகளுக்கு அடியில் முழங்கால் படும் இடத்தில் ஒரு நெம்புகோல் இருக்கிறது. வாசித்தவர் குதிகாலைச் சற்றே உயர்த்தி, முழங்காலால் அதை மேலே தள்ளியபடியே முதல் பகுதி முழுவதையும் முடித்தார். எங்கும் இரைச்சல் இல்லை. அச்சில் விசித்திரமாகத் தெரிந்த குறிப்பு அங்கே ரொம்பச் சாதாரணமான விஷயமாக இருந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் கட்டையைத் தொட்டுப் பார்க்க அனுமதித்தார்கள். நம் பியானோவில் அழுந்துகிற ஆழத்தில் ஏறக்குறைய பாதிதான் அழுந்துகிறது. பழக்கதோஷத்தில் நான் அழுத்திய அழுத்துக்குச் சுரம் அலறிவிட்டது. ‘வால்ட்ஸ்டைன்’ சொனாட்டாவின் கடைசிப் பக்கங்களில், எட்டுச் சுர இடைவெளியில் இரண்டு விரல்களைக் கட்டைமேல் வழுக்கிக்கொண்டே போகச் சொல்லும் இடங்கள் இருக்கின்றன. இன்றைய கனமான கட்டைகளில் அதற்குப் பெரிய கலைஞர்களே திணறுவார்கள், பலர் இரண்டு கைகளுக்குப் பங்கிட்டுக்கொள்வார்கள். இங்கே அது ஏன் எழுதப்பட்டது என்பது விரலுக்கே தெரிந்துவிடுகிறது.

‘முழுமை பெறாதவை’ என்ற சொல்லுக்கு வருகிறேன். 1777 அக்டோபரில் ஆக்ஸ்பர்க் நகரிலிருந்து மொசார்ட் தன் அப்பாவுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. ஸ்டைன் என்ற பியானோத் தச்சரின் வேலையை அதில் வாய் ஓயாமல் புகழ்கிறார். தந்திகளின் ஒலியைப் பெருக்கும் ஒலிப்பலகையைச் செய்து முடித்ததும் ஸ்டைன் அதை வெயிலிலும் மழையிலும் பனியிலும் வெளியே போட்டுவிடுவாராம், விரிசல் விடட்டும் என்றே. விட்ட விரிசல்களில் மர ஆப்பு வைத்து ஒட்டுவார், பிறகு அது அசையாது. இப்படி வேலை செய்கிறவர் ஏதோ அரைகுறையாக ஒன்றைச் செய்து, எண்பது ஆண்டு கழித்து, இன்றைய கிராண்டுகளுக்குப் பேர்போன ஸ்டைன்வே நிறுவனம் வந்து அதை முடித்துவைக்கும் என்று காத்திருந்தாரா என்ன?

பீத்தோவன் அன்றைய பியானோக்களைக் குறை சொன்னதும் உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. பியானோவைக் கேட்கிறோமா ஹார்ப்பைக் கேட்கிறோமா என்று பல சமயம் சந்தேகம் வருகிறது என்று 1796இல் ஷ்ட்ரைகருக்கு எழுதினார். ஷ்ட்ரைகர் பியானோ செய்பவர், மேலே சொன்ன ஸ்டைனின் மருமகன். 1817இன் கடைசியில் லண்டன் பிராட்வுட் நிறுவனம் ஆறு ஸ்தாயிப் பியானோவை அன்பளிப்பாக அனுப்பியபோது பீத்தோவன் மகிழ்ந்தார். ஆனால் அவர் அப்போது எழுதிக்கொண்டிருந்த ‘ஹாமர்கிளாவியர்’ சொனாட்டா அந்தக் கட்டைகளுக்குள்ளும் அடங்கவில்லை, மேலே தாண்டிப் போகிறது. இதையெல்லாம் கட்டுரையாளர் தன் பக்கச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதே 1796இல் அதே ஷ்ட்ரைகருக்கு எழுதிய இன்னொரு கடிதமும் இருக்கிறது. உங்கள் பியானோ எனக்கு மீறிய தரத்தில் இருக்கிறது, என் நாதத்தை நானே உண்டாக்கிக்கொள்ளும் சுதந்திரத்தை அது பறித்துவிடுகிறது என்கிறார் அதில். அவருக்குப் பின்வந்த இசையமைப்பாளர் ஷோபானும் இதே மாதிரி சொன்னதாகச் சொல்வார்கள்: உடம்பு சரியில்லாத நாளில் எரார்ட் நிறுவனத்துப் பியானோ, அதில் நாதம் தயாராகக் கிடைக்கும், தன் நாதத்தைத் தானே தேடிக்கொள்ளும் தெம்பு இருக்கும் நாளில் ப்ளேயேல் நிறுவனத்துப் பியானோ. பெரிதாக, கனமாக, சத்தமாக ஆக ஆக நல்லது என்ற கணக்கு இவர்களிடம் இல்லை. மொசார்ட் வைத்திருந்த வால்டர் பியானோவின் எடை 85 கிலோ அளவுதான். இன்றைய பெரிய கச்சேரி கிராண்ட் 480 கிலோ.

பழைய கருவியில் வாசித்தாலே உசத்தி என்று நான் சொல்லவில்லை. சரியாகச் செப்பனிடாத கருவிகளில் எடுத்த சில பழைய ஒலிப்பதிவுகள் காதுக்குத் தண்டனை. இரண்டாயிரம் பேர் உட்காரும் அரங்கில் வால்டர் பியானோவைக் கொண்டுபோய் வைத்தால் பின்வரிசைக்கு ஒன்றும் எட்டாது. அது வரவேற்பறைகளுக்காகச் செய்யப்பட்டது, இன்றைக்கு ஹெட்போனுக்கும் பொருந்துகிறது. நிலைமை வெகுவாக மாறியும் விட்டது. வார்சாவில் 2018 முதல் ஷோபான் காலத்துப் பியானோக்களுக்கென்றே தனியாக ஒரு சர்வதேசப் போட்டி நடத்துகிறார்கள். இளைஞர்கள் இரண்டு வகைக் கருவியிலும் தேர்ச்சியோடு வருகிறார்கள்.

என் வேண்டுகோள் சின்னதுதான். ஒலிப்பதிவுகளைப் பரிந்துரைக்கும்போது வாசித்தவர் பெயரோடு கருவியையும் போடுங்கள்: யார் செய்தது, எந்த ஆண்டுக் கருவி, அசலா நகலா. கட்டுரையின் கடைசியில் இருந்த பட்டியலில் எல்லாமே இன்றைய கிராண்டில் வாசித்தவை, வாசகருக்கு அது தெரிய வழியே இல்லை. அந்தப் பட்டியலில் ரொனால்ட் பிரௌட்டிகாமின் பீத்தோவன் சொனாட்டா வரிசையையும் சேர்க்கலாம். வால்டர், இன்னொரு வியன்னாத் தச்சரான கிராஃப் ஆகியோரின் பியானோக்களைப் பார்த்து பால் மெக்நல்டி என்ற இன்றைய தச்சர் செய்த நகல்களில் வாசித்தது. பியானோவின் விவரம் குறுந்தகட்டோடு வரும் கையேட்டிலேயே இருக்கிறது, எடுத்துப் போட இரண்டு வரி இடம் ஒதுக்கினால் போதும்.

அன்புடன்,
ஒரு பியானோ ஆசிரியை,
கோயம்புத்தூர்