பொருள்: பெட்டியில் 6, தராசில் 7 – உங்கள் ஃப்ளை லைன் குறித்த புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுத்தில். தூண்டில் மீன்பிடிப்புக்கான உங்கள் லைன், பெட்டியில் போட்ட எண்ணைவிடக் கனமாக இருந்ததால் என் பழைய மூங்கில் ராடு கெட்டுப்போனது.

உங்கள் டபிள்யூ.எஃப். 6 (முன்பகுதி கனமான, 6ஆம் எடை எண்) லைனின் முதல் 30 அடி 186 கிரெயின் நிற்கிறது, அதாவது 12 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. நுனியிலுள்ள சம தடிமன் துண்டைச் சேர்க்காமல்தான் இந்தக் கணக்கு. 1961இல் வந்த அளவுமுறையில் 6 என்றால் 160 கிரெயின். 152 முதல் 168 வரை ஏற்றுக்கொள்வார்கள். 177 முதல் 193 வரை இருந்தால் அது 7. லைன் தயாரிக்கிற உங்களுக்கு இது தெரியாததல்ல.

இன்றைய கிராஃபைட் ராடுகள் விறைப்பு, அவற்றை வளைக்க அரை எண், ஒரு எண் கூட்டிச் செய்கிறீர்கள். செய்துகொள்ளுங்கள். அதை மறைத்துவிட்டு, “பழைய மூங்கில் ராடுகளுக்கும் ஏற்றது” என்று அச்சடிப்பது என்ன நியாயம்?

“பழசுன்னா உடையத்தான் சார் செய்யும், சுவத்துல மாட்டி வைங்க” என்றார் உங்கள் பிரதிநிதி. லைனின் எடை என்ன என்று கேட்டதற்குப் பதில் இது! சேவை மையத்துக்கு லைனைக் கொண்டுவரச் சொன்னவரும் அவரே. அங்கே இருந்தது பார்சல் எடைபோடும் தராசு. அரை கிராமுக்கே எண் மாறிவிடக்கூடிய விஷயத்தை அதில் வைத்து, “சரியாத்தான் இருக்கு” என்று அனுப்பிவிட்டார்கள்.

என் ராடில் பொறித்திருப்பது எச்.டி.எச்., பட்டு லைன் காலத்து எழுத்துகள். அவை சொல்வது தடிமனை, எடையை அல்ல. நுனிகளுக்கான எச். 0.025 அங்குலம், நடுவுக்கான டி. 0.045. பட்டு லைனைவிட நைலான் லைன் லேசு என்பதால் ஒரே எழுத்துக்கு இரண்டு எடை வரும். ஆகவே முதலில் 5 போட்டுப் பார்ப்பார்கள். 30 அடி வெளியே இருக்கும்போது ராடு நடுப்பகுதிவரை வளையாவிட்டால்தான் 6. அதுவும் இருபுறமும் சரிவுள்ள டி.டி. லைனாக இருந்தால் நல்லது, மெதுவான மூங்கிலுக்கு அதுதான் பொருந்தும். எந்த ராடுக்கு எந்த லைன் என்று சொல்லும் உங்கள் அட்டையோ எச்.டி.எச். என்றால் 6 என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அந்த 6ம் உண்மையில் 7!

ராடின் நுனித் துண்டு வளைந்தது நிமிரவில்லை. ராடின் துண்டுகளை இணைக்கும் குழலான ஃபெரூலுக்குக் கீழே மூங்கில் பட்டைகளின் ஒட்டு விட்டிருக்கிறது. உலகத்தையே எழுதிக் கொடுத்தாலும் அதே மூங்கிலில் அதே ராடு இனிக் கிடைக்காது.

தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள்: 134 முதல் 146 கிரெயினுக்குள் நிற்கும் டி.டி. 5 லைன் ஒன்று, எடைபோட்ட சீட்டுடன். நுனித் துண்டைச் சரிசெய்யும் செலவு. இனி ஒவ்வொரு பெட்டியிலும் முதல் 30 அடியின் உண்மையான கிரெயின் எடை. இல்லையென்றால் பெட்டி, அட்டை, தராசுப் படங்கள் எல்லாம் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகும். இதை மிரட்டலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

பதில் எழுத்தில் வரட்டும். அந்தப் பிரதிநிதியை மறுபடி பேச வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்