தெப்புயியா, பாந்தானா? தங்கைக்கு ஒரு கடிதம்

சார்செல் (பாரிஸ் அருகே), நவம்பர்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டெல்ஃப் ஏ2 பிரெஞ்சுத் தேர்வுப் பாடத்தில், கால அளவு சொல்லும் ‘தெப்புயி’யும் ‘பாந்தா’னும் மட்டும் குழப்புகிறது என்று எழுதியிருந்தாய். இங்கிலீஷ் வழியாகப் போகிறாய், அதுதான் சிக்கல். தமிழிலிருந்து நேரே போய்ப் பார்.

‘இருபது வருஷமா பாண்டியில இருக்கேன்’ என்கிறோம் அல்லவா? வினை நிகழ்காலம். பிரெஞ்சும் அப்படியேதான்: ‘ஜாபித் ஆ போந்திஷேரி தெப்புயி வேந்தான்.’ நம் ‘வருஷமா, மாசமா’ வரும் இடத்தில் தெப்புயி. இங்கிலீஷ் பழக்கத்தில் ‘ஜே அபித்தே’ என்று வினையை மாற்றினால் மார்க் போகும். ‘திங்கட்கிழமையிலிருந்து’ என்றாலும் தெப்புயிதான்.

‘ரெண்டு வருஷம் வேலை பார்த்தேன்’ என்றால் முடிந்த கதை: ‘ஜே திராவாயே பாந்தான் தெஸான்.’ பிரிஃபெக்த்யூரில், அதாவது இங்கே வெளிநாட்டவர் விசா காகிதங்களைப் பார்க்கும் அரசு அலுவலகத்தில், எவ்வளவு காலமாக இந்த முகவரியில் இருக்கிறாய் என்று கேட்கும்போது பாந்தானும் இறந்தகாலமும் போட்டால், வீட்டைக் காலி செய்துவிட்டாய் என்றே அதிகாரி எடுத்துக்கொள்வார்.

‘ஒரு மணி நேரத்துல முடிச்சேன்’ என்பதற்கு ‘ஆன்’. ‘மூணு மாசத்துக்கு வரேன்’ என்பதற்கு ‘பூர்’. முடிந்துபோன வேலைக்குப் பூர் போடாதே, இங்கிலீஷ் படித்தவர்கள் எல்லாரும் அங்கேதான் சறுக்குகிறார்கள்.

‘இலியா தெஸான்’ என்றால் ரெண்டு வருஷத்துக்கு முன்பு. பின்னால் ஒரு ‘கெ’ வந்து ஒட்டினால் அர்த்தமே மாறிவிடும்: ‘இலியா தெஸான் கெ ஜாபித் இசி’, ரெண்டு வருஷமா இங்கே இருக்கேன். பேச்சில் ‘ஸா ஃபே… கெ’ தான் அதிகம் காதில் விழும். மேல்மாடிப் பாட்டி லிஃப்ட் திறந்ததுமே ‘ஸா ஃபே யூன் ஏர் கெ ஜாதான்!’ என்பாள், ஒரு மணி நேரமாகக் காத்திருக்கிறாளாம். நின்றது ரெண்டு நிமிஷம் இருக்கும். நல்ல மனுஷி. குளிர் ஆரம்பித்ததும் உருளைக்கிழங்கும் புவாரோ என்கிற வெங்காயத்தாள் மாதிரித் தண்டும் போட்டு வேகவைத்த சூப்பைக் கிண்ணத்தில் கொண்டுவந்து தருவாள். மிளகு தட்டிப் போட்டுக் குடிக்கிறேன்.

ஒரு விலக்கு உண்டு. ‘ரொம்ப நாளா செய்யலை’ என்று இல்லாததைச் சொல்லும்போது தெப்புயியோடு பெரும்பாலும் இறந்தகாலம் வரும்: ‘ஜெ நே பா வ்யூ மாமான் தெப்புயி லோந்தான்.’ அம்மாவை ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை. வேறு உதாரணம் வரவில்லை எனக்கு. அம்மா கையால் ஒரு வாய் வத்தக்குழம்பு சோறு கிடைத்தால் போதும் என்றிருக்கிறது.

அப்பாவை ஜிப்மரில் காட்டியாச்சா? கண் ஆபரேஷனைப் பொங்கல் வரை தள்ள வேண்டாம். இந்த மாதம் ஓவர்டைம் குறைவு, அதனால் பணம் கொஞ்சம் தாமதமாக வரும். அம்மாவிடம் அதைச் சொல்லாதே. முத்தியால்பேட்டை அத்தை கேட்ட பத்திர நகல் அலமாரி மேல்தட்டில் பச்சை ஃபைலில் இருக்கிறது. மூலப்பத்திரத்தை யாரிடமும் கொடுக்காதே, மாமா கேட்டாலும் சரி. ஓடு மாற்ற எவ்வளவு ஆகும் என்று கொத்தனாரிடம் விசாரித்து எழுது.

அன்புடன்,
அண்ணன்