லாமின் பெஞ்சில் இருந்தால் இருக்கட்டும்: பார்சா ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பார்சா நண்பர்களுக்கு,

2025 மே மாதம், ஐரோப்பிய கிளப்களின் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் நம் பார்சிலோனா இன்டர் மிலானிடம் தோற்ற அந்த இரவை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். இங்கே மணி இரண்டைத் தாண்டியிருந்தது. 87-வது நிமிடத்தில் ரஃபின்யா அடித்து 3-2 ஆனதும் இறுதிப்போட்டிக்குப் போய்விட்டோம் என்றே நினைத்தேன். அப்புறம் நம் 17 வயது லாமின் யமால் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் அவர்களுடைய 37 வயது டிஃபெண்டர் அச்செர்பி எங்கிருந்தோ முன்னால் வந்து சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஃப்ரத்தேசி முடித்துவிட்டார்.

அன்றிலிருந்து நமக்குள் ஒரே சண்டை. சின்னப் பசங்களை நம்பி சாம்பியன்ஸ் லீக் வாங்க முடியாது, கோச் ஃப்ளிக் அனுபவசாலிகளை இறக்க வேண்டும் என்று ஒரு பக்கம். கிளப்பின் இளையோர் பயிற்சிக்கூடமான லா மாசியாதான் நம் உயிர், பசங்கள்தான் ஆட வேண்டும் என்று இன்னொரு பக்கம். நான் இரண்டாவது பக்கத்து ஆள். ஆனாலும் இந்த மடலை முக்கியமாக நம் பக்கத்துக்காரர்களுக்குத்தான் எழுதுகிறேன்.

முதல் பக்கத்தாருக்குச் சொல்ல அதிகம் இல்லை. அந்த சீசனில் லீக், கோப்பா தெல் ரே, சூப்பர் கோப்பை மூன்றும் நம் கைக்கு வந்தன. ரியல் மாட்ரிட்டை நான்கு முறை சந்தித்து நான்கு முறையும் ஜெயித்தோம். அவர்களுடைய பெர்னபே மைதானத்தில் 4-0 என்று ஜெயித்த அன்று எம்பாப்பே மட்டும் 8 முறை ஆஃப்சைடில் மாட்டினார். அன்று அவரை மாட்டவைக்க மேலே ஏறி நின்ற நம் பின்வரிசையில் இருந்த குபார்சிக்கு வயது 17. மிலானில் தோற்றதும் வயதால் அல்ல. அன்றைக்குப் பதற்றமில்லாமல் ஆடியவர்களில் முதல் ஆள், களத்திலேயே வயதில் சின்னவனான லாமின்தான்.

ஆனால் குபார்சி அங்கே தனியாக நிற்கவில்லை என்பதை நாம் சொல்வதே இல்லை. பக்கத்தில் 33 வயது இனிகோ மார்ட்டினேஸ் நின்றார். எப்போது மேலே ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று கையைக் காட்டிக் கத்திக்கொண்டே இருப்பார். இளங்கன்று பயமறியாது, அதற்காகப் புது மாட்டை யாரும் தனியாக ஏரில் பூட்டுவதில்லை, பழகிய மாட்டோடு சேர்த்துத்தான் பூட்டுவார்கள். ஃப்ளிக் செய்ததும் அதுதான். முன்னால் 36 வயது லெவண்டோவ்ஸ்கி, கோலில் ஓய்வை முறித்துக்கொண்டு வந்த ஸ்செஸ்னி. 2025 ஆகஸ்டில் சம்பள வரம்பு நெருக்கடிக்கு நடுவே கிளப் இனிகோவை விலையில்லாமல் சவுதிக்கு விட்டுவிட்டது. அதன்பிறகு மேலே ஏறி நிற்கும் அதே பின்வரிசையைக் கிழித்துக்கொண்டு செவிய்யா 4 கோல் போட்டது, செல்சி 3 கோல் போட்டது. அப்போது நாம் யாரைத் திட்டினோம்? குபார்சியை. 18 வயதுப் பையனை.

இனி நம் பக்கத்துக் கதை. கொஞ்சம் வலிக்கும்.

போயன் கிர்கிச்சை நினைவிருக்கிறதா? 2007-ல், 17 வயதில் முதல் அணிக்கு வந்தவர். அடுத்த மெஸ்ஸி என்று தூக்கி வைத்துக் கொண்டாடினோம். 2008 யூரோவுக்கு, அதாவது ஐரோப்பிய நாடுகளின் கோப்பைக்கு, ஸ்பெயின் அணியோடு அவர் போகவில்லை என்றதும், நாட்டுக்கு ஆட மறுக்கிறான் என்று பேசினார்கள். மனப்பதற்றம் தாக்கி, தலைசுற்றி, ஆட முடியாத நிலையில் இருந்ததாக அவரே வாய்திறந்து சொல்லப் பத்து வருடம் ஆனது.

அன்சு ஃபாத்தி 16 வயதில் வந்தார். 2020 நவம்பரில் முழங்கால் போனது. திரும்பி வந்ததும் மெஸ்ஸியின் 10-ஆம் எண் சட்டையை மாட்டிவிட்டோம். பெட்ரியை 2020-21 சீசனில் கிளப், யூரோ, டோக்கியோ ஒலிம்பிக்ஸ் என்று சேர்த்து 73 ஆட்டங்கள் ஆட வைத்தார்கள். பிறகு அவருக்குத் தொடைத் தசை எத்தனை முறை விட்டுப்போனது என்று உங்களுக்கே தெரியும். 2023 நவம்பரில் காவி, 19 வயதில், ஸ்பெயினுக்காக ஆடும்போது முழங்கால் தசைநார் அறுந்து விழுந்தார்.

எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்பது மார்க் பெர்னால். 2024 ஆகஸ்ட் 27, வயேகாஸ் மைதானம். ஃப்ளிக்கின் மூன்றாவது லீக் ஆட்டம். டி யோங்கும் காவியும் காயத்தில் இருந்ததால் 17 வயதில் நடுக்களத்தைத் தாங்கிக்கொண்டிருந்தான். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். 2-1 என்று ஜெயித்தோம். ஜெயித்த முகம் ஒன்றைக்கூட அன்று அந்தக் களத்தில் பார்க்கவில்லை. ஒரு வருடத்துக்கும் மேல் அவன் ஆடவே இல்லை.

இப்போது அந்த 10-ஆம் எண் லாமினிடம் இருக்கிறது. 2024 யூரோவில் பிரான்சுக்கு எதிராக அந்தக் கோலைப் போட்டபோது அவனுக்கு 17 நிரம்ப நான்கு நாள் பாக்கி. பல்லில் கம்பி, பையில் பள்ளிப் பாடம். அந்தப் போட்டித் தொடரின் நடுவில்தான் பள்ளித் தேர்வில் பாஸான செய்தியே வந்தது. அந்தக் கோடையில் அவனை ஒலிம்பிக்ஸுக்கு அனுப்பாமல் விட்டது பெரிய காரியம். ஆனால் 2025 செப்டம்பரில் என்ன நடந்தது? வலி நிவாரணி போட்டுக்கொண்டு ஸ்பெயினுக்கு ஆடிவிட்டு, இடுப்புக்குக் கீழே வலியோடு திரும்பி வந்தான். இது ஆட்டக்காரரைப் பார்த்துக்கொள்ளும் முறையா என்று ஃப்ளிக் வெளிப்படையாகவே கோபப்பட்டார். நாமும் சேர்ந்து ஸ்பெயின் கால்பந்துக் கூட்டமைப்பைத் திட்டினோம். சரிதான். ஆனால் அவன் ஆடாத ஆட்டங்களில் நாம் என்ன சொன்னோம் என்பதையும் யோசித்துப் பாருங்கள். "லாமின் எங்கே?" என்று ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே கத்தினோம். 60-வது நிமிடத்தில் மாற்றினால் கோச்சுக்கு மூளை இல்லை என்றோம்.

ஒரு கோச் யாரைக் கேட்டும் அணியை எடுப்பதில்லை, தெரியும். ஆனால் மைதானத்தில் எழும் சத்தம் கிளப் நிர்வாகத்தின் காதில் விழும். பத்திரிகைக்காரர் கேட்கும் கேள்வியாக மாறும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பையன் காதில் விழும். வலி இருந்தாலும் இல்லை என்று சொல்லத் தோன்றும் வயது அது.

ஃப்ளிக்கிடம் பொறுமையாக இருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு பெட்ரியே சாட்சி. அதே பெட்ரி, ஃப்ளிக்கின் முதல் சீசனில் ஆண்டு முழுக்கக் காயமில்லாமல் ஓடினார்.

அதனால் உங்களிடம் கேட்பது இரண்டுதான். கிளப்பிடம் ஏதாவது கேட்பதாக இருந்தால், குபார்சிக்குப் பக்கத்தில் நிற்க இனிகோ மாதிரி ஒரு மூத்த டிஃபெண்டரைக் கேளுங்கள். அடுத்த முறை ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு பதினொருவர் பட்டியல் வரும்போது, லாமின் பெயர் கீழே மாற்று ஆட்டக்காரர் வரிசையில் இருந்தால், திட்டாமல் டிவியைப் போட்டு உட்காருங்கள். அவனும் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பான்.

அன்புடன்,
உங்களைப் போலவே விடிய விடிய விழித்துப் பார்க்கும் ஒரு பார்சா ரசிகன்