கையெழுத்துப் போடும் முன் சீனியாரிட்டி பட்டியலைக் கேளுங்கள்: சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களே, வணக்கம்.

அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர், கோவை என்று தொழிற்சாலை இருக்கிற ஊர்களில் எல்லாம், சங்கக் கமிட்டியில் உட்கார்ந்து நிர்வாகத்தோடு ஒப்பந்தம் பேசுகிற உங்களுக்குத்தான் இந்தக் கடிதம். நான் 31 வருடம் கிரைண்டிங் மெஷினில் நின்றவன். அதில் 11 வருடம் கமிட்டியிலும் இருந்தேன். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. அங்கே நடந்தது எங்கேயும் நடக்கலாம் என்பதால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஆர்டர் குறைந்த ஒரு வருடம், ஆட்குறைப்பு வரும் என்று கேண்டீனில் பேச்சு அடிபட்டுக்கொண்டே இருந்தது. ஒருநாள் காலை டீ நேரத்தில், டைம் ஆபீஸ் பக்கத்து நோட்டீஸ் போர்டில் நான்கு தாள் ஒட்டினார்கள். பதவிவாரியாக சீனியாரிட்டி பட்டியல், அதாவது யார் எப்போது வேலையில் சேர்ந்தார்கள் என்ற வரிசை. அதில் கடைசியில் இருப்பவர்தான் முதலில் வெளியே போக வேண்டியவர். டோக்கன் 214 எனக்குப் பக்கத்து மெஷின்காரர். 19 வருட சர்வீஸ். எனக்கு ஒன்றும் ஆகாது என்ற நிம்மதியில் டீ டம்ளரோடுதான் வந்தார். கிரைண்டர் பட்டியலில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். அவர் பெயர் இல்லை. அடுத்த தாள், அதற்கடுத்த தாள். நான்காவது தாளில் 'பினிஷிங் ஆபரேட்டர்' என்ற தலைப்பின் கீழ், கடைசி வரியில் விரல் நின்றது. சேர்ந்த தேதி என்ற இடத்தில், எட்டு மாதம் முன்னால் அவருக்குப் பதவிப் பெயர் மாற்றிக் கொடுத்த தேதி இருந்தது. மாதம் 150 ரூபாய் அலவன்ஸ் கூடுகிறதே என்று சந்தோஷமாக அவர் வாங்கிக்கொண்ட கடிதம் அது. 19 வருடம் எட்டு மாதமாகச் சுருங்கிவிட்டது.

இது எப்படி நடந்தது? அதற்கு ஒன்றரை வருடம் முன்னால் நாங்கள் போட்ட ஊதிய ஒப்பந்தத்தில் 17-வது ஷரத்து என்று ஒன்று இருந்தது. பதவிகளை மாற்றி அமைக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு, ஆட்குறைப்பு நேர்ந்தால் புதிய பதவியில் சேர்ந்த தேதியே கணக்கு என்று அதில் எழுதியிருந்தது. சம்பள உயர்வு 3-வது ஷரத்தில் இருந்தது. எல்லோரும் அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தோம். கேட் மீட்டிங்கிலும் அதைத்தான் படித்துக் காட்டினோம், கைதட்டினார்கள். அந்த ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஏழு கையெழுத்து. அதில் ஒன்று என்னுடையது.

இதை ஒளித்து வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. என் பேனாவால் நடந்தது உங்கள் பேனாவால் நடக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். 1947-ஆம் வருடத் தொழில் தகராறுகள் சட்டத்தில், 1953-ல் சேர்த்த 25-ஜி பிரிவைத்தான் நாம் 'கடைசியில் வந்தவர் முதலில் போவார்' என்று சொல்லி வந்தோம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் அந்த விதி ஏறக்குறைய அதே வார்த்தைகளில் இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் மூன்று கதவுகள் இருக்கின்றன. ஒரு குறிப்பிட்ட பதவிப் பிரிவுக்குள்தான் சீனியாரிட்டி பார்க்கப்படும் என்பது ஒன்று. காரணத்தைப் பதிவு செய்துவிட்டு நிர்வாகம் வேறு ஆளையும் அனுப்பலாம் என்பது இன்னொன்று. மூன்றாவது, இதெல்லாம் 'வேறு ஒப்பந்தம் இல்லாதபோது'தான் என்பது.

இரண்டாவது கதவுக்கு நீதிமன்றம் காவல் இருக்கிறது. 1960-ல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன ஒரு வழக்கு சென்னையிலிருந்து போனதுதான். சுதேசமித்திரன் பத்திரிகைத் தொழிலாளர்களின் ஆட்குறைப்பு வழக்கு. வழக்கமான வரிசையை விட்டு விலகினால், அதற்குத் தக்க காரணம் இருக்கிறது என்று நம்பத்தக்க சான்றோடு காட்டும் பொறுப்பு நிர்வாகத்தினுடையது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி 'இவர் சரியில்லை' என்று சொன்னால் போதாது. தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் வேலை பார்த்தவர்கள் போராடி நாடு முழுவதற்கும் வாங்கிக் கொடுத்த பாதுகாப்பு இது. நம் கேட் மீட்டிங்குகளில் இதை யாரும் பேசி நான் கேட்டதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

மூன்றாவது கதவுக்கு எந்த நீதிமன்றமும் காவல் இல்லை, தோழர்களே. அதன் சாவி உங்களிடம் இருக்கிறது. புதிய சட்டத்தில் அந்தச் சாவிக்குக் கனம் இன்னும் கூடிவிட்டது. ஒரு நிறுவனத்தில் பல சங்கங்கள் இருந்தால், 51 சதவீதம் உறுப்பினர்களை வைத்திருக்கிற ஒரே சங்கம்தான் பேச்சுவார்த்தைச் சங்கம். மீதி 49 சதவீதம் பேருடைய சர்வீஸையும் சேர்த்துத்தான் நீங்கள் பேசப் போகிறீர்கள்.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. ஆலைகளில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற ஏற்பாடு 1976-ல் வந்தபோது 300 தொழிலாளர் இருக்கிற இடங்களுக்குத்தான் பொருந்தியது. 1982-ல் வந்த திருத்தம் அதை 100 ஆக்கியது. இப்போது மறுபடியும் 300. அரசு நினைத்தால் அறிவிக்கை போட்டு இன்னும் மேலேகூட ஏற்றலாம். அம்பத்தூர் மாதிரி இடங்களில் 120 பேர், 200 பேர் வேலை பார்க்கிற யூனிட்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். அங்கெல்லாம் அரசிடம் போய் நிற்க வேண்டிய அவசியம் நிர்வாகத்துக்கு இனி இல்லை. ஒரு மாத நோட்டீஸ், வருடத்துக்கு 15 நாள் வீதம் நஷ்டஈடு, வேறு திறன் கற்றுக்கொள்ள மறுதிறன் நிதி என்று இன்னொரு 15 நாள் சம்பளம், அப்புறம் அந்த நோட்டீஸ் போர்டு பட்டியல். தொழிலாளிக்கு மிஞ்சுவது இவ்வளவுதான். இதில் பணத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டோக்கன் 214-க்கு 19 வருடத்துக்கு 285 நாள் சம்பளம். பத்து மாதத்துக்குக்கூட வரவில்லை. அப்போது அவருக்கு வயது 46. மூத்த பெண் பிளஸ் டூ.

சரி, இளம் தொழிலாளர்கள் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். 'அண்ணே, நாங்கள்தான் அதிக பீஸ் எடுக்கிறோம், சிஎன்சி என்கிற கம்ப்யூட்டர் மெஷின் எங்களுக்குத்தான் தெரியும், நாங்கள் ஏன் முதலில் போகணும்?' என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அது நியாயமான கேள்வி. 26 வயதில் கைக்குழந்தையோடு, பைக் லோனோடு வீட்டுக்குப் போவது சின்ன விஷயம் இல்லை. அவர்களை அதட்டி உட்கார வைக்காதீர்கள். சீனியர் உசத்தி, ஜூனியர் மட்டம் என்பதற்காக வந்த விதி இல்லை இது என்று எடுத்துச் சொல்லுங்கள். தொழிற்சாலைக்குள் சூப்பர்வைசரால் திருத்த முடியாத ஒரே அளவுகோல் சேர்ந்த தேதி. திறன் மதிப்பீடு என்று ஒரு படிவம் வந்தால் அதில் மார்க் போடுகிற கை யாருடையது? ஓவர்டைம் பார்க்க மாட்டேன் என்று சொன்னவன், விபத்து நடந்தபோது சாட்சி சொன்னவன், சங்கச் சந்தா வசூலித்தவன் எல்லாம் அந்தப் படிவத்தில் எந்த இடத்தில் நிற்பார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு 26 வயது இருக்கிறவனுக்கும் 46 வரும். அன்றைக்கு அவனுக்கும் அந்தத் தேதிதான் துணை.

அளவுகோல் இல்லாத இடத்தில் என்ன ஆகிறது என்று பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம், ஐடி கம்பெனிகள் இருக்கிற பழைய மகாபலிபுரம் சாலை வரைக்கும் போனால் போதும். 2025 ஜூலையில் டிசிஎஸ் என்ற பெரிய ஐடி கம்பெனி சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுமட்டத்திலும் மேல்மட்டத்திலும் இருக்கிறவர்கள் என்று அவர்களே சொன்னார்கள். சங்கமும் ஒப்பந்தமும் இல்லாத இடத்தில் அனுபவமே ஒருவரை அனுப்புவதற்குக் காரணமாகிவிடுகிறது.

முதலில் போகிற இளைஞனுக்கு நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. திரும்ப வருகிற உரிமையை அவனுக்கு உறுதி செய்து கொடுக்க வேண்டும். பழைய சட்டத்தின் 25-எச் பிரிவில், கம்பெனி மறுபடி ஆள் எடுத்தால் ஆட்குறைப்பில் போனவருக்கே முன்னுரிமை. அதற்குக் கால வரம்பு இல்லை. புதிய சட்டம் அதை ஒரு வருடமாகக் குறுக்கிவிட்டது. 13-வது மாதம் ஆள் எடுத்தால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை! இதை ஒப்பந்தத்தில்தான் சரி செய்ய முடியும். மூன்று வருடம் என்று கேளுங்கள். அழைப்பு பதிவுத் தபாலில் வீட்டுக்கு வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். 1957-ஆம் வருட மத்திய விதிகளில் பதிவுத் தபாலும் உண்டு, ஆட்குறைப்புக்கு ஏழு நாள் முன்னால் பட்டியலை ஒட்டுவதும் உண்டு. ஆகவே இது யாரும் கேள்விப்படாத கோரிக்கை இல்லை.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனசு வராது. அன்றைக்கு நோட்டீஸ் போர்டு முன்னால் நாங்கள் கூட்டமாக நின்றபோது, காண்ட்ராக்ட் பையன்கள் சிலர் பின்னால் தள்ளி நின்று பார்த்தார்கள். அதில் ஒருவன் ஆறு வருடமாக எங்கள் லைனில் லோடிங் பார்த்தவன். 'எங்க லிஸ்ட் எப்ப ஒட்டுவாங்கண்ணே?' என்று கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. அவர்களுக்குப் பட்டியல் கிடையாது. மறுநாள் வராதே என்று சொன்னால் அதோடு சரி.

தமிழ்நாட்டில் 1981-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு நிரந்தரத் தகுதி கொடுக்க வேண்டும் என்கிற சட்டம். எங்கள் பீரோவில் அதன் நகல் இருந்தது. ஒரு தடவைகூட அந்தப் பையனுக்காக அதை நாங்கள் எடுக்கவில்லை. இப்போது குறித்த கால வேலை என்று வேறு வந்திருக்கிறது. காலம் முடிந்து அனுப்பினால் அது ஆட்குறைப்பு என்ற கணக்கிலேயே வராது. இப்படியே போனால் சீனியாரிட்டி பட்டியல் வருடத்துக்கு வருடம் சின்னதாகிக்கொண்டே போய், கடைசியில் பத்துப் பேர் பெயர் மட்டும் இருக்கிற ஒரு தாளாகிவிடும். அந்தப் பத்துப் பேருக்காக கேட்டுக்கு வெளியே யார் வந்து நிற்பார்கள்? அதனால் டிரெயினியாக, தற்காலிகமாக, எந்தப் பெயரில் உள்ளே வந்தாலும், முதல் நாள் கேட்டைத் தாண்டிய தேதியிலிருந்து சர்வீஸ் எண்ண வேண்டும் என்று பேசுங்கள். ஒரே தடவையில் கிடைக்காது. அடுத்த பேச்சுவார்த்தையிலும் கேளுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஆட்குறைப்பு வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் சீனியாரிட்டி பட்டியலைக் கேட்டு வாங்கி, சேர்ந்த தேதியை உறுப்பினர்களுடைய வேலை உத்தரவோடு ஒத்துப் பாருங்கள். யாருக்காவது பதவிப் பெயர் மாறினால், பழைய சர்வீஸ் தொடரும் என்று அதே கடிதத்தில் எழுதி வாங்காமல் விடாதீர்கள். புது மெஷின் வந்தால் முதல் பயிற்சி சீனியருக்கு என்று சொல்லுங்கள். 'அவருக்கு சிஎன்சி தெரியாது' என்ற காரணம் அங்கேயே அடிபட்டுப் போகும். ஒப்பந்தத்தை கேட் மீட்டிங்கில் வாசிக்கும்போது எல்லா ஷரத்தையும் வாசியுங்கள், வெயிலில் கால் வலித்தாலும் பரவாயில்லை.

டோக்கன் 214 இப்போது திருமுல்லைவாயல் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட்டில் செக்யூரிட்டியாக இருக்கிறார். அவர் போன அடுத்த வருடமே கிரைண்டிங்கில் ஆள் எடுத்தார்கள், காண்ட்ராக்டில். அவருக்குக் கடிதம் போகவில்லை. ஏன் போகவில்லை என்று சங்கமும் கேட்கவில்லை. போன மாதம் அவரைப் பார்த்தபோது இப்படி ஒரு மடல் எழுதப் போகிறேன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், 'அந்தப் பதினேழாவது ஷரத்தைக் கண்டிப்பா எழுதுப்பா' என்றார்.

எழுதிவிட்டேன். உங்கள் ஒப்பந்த வரைவில் பதவி மாற்றம், திறன் மதிப்பீடு, ஆட்குறைப்பு பற்றி எந்த வரி இருந்தாலும், கையெழுத்துக்கு முன்னால் ஒருநாள் தள்ளிப் போட்டு, தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள். பஸ் பிடித்து வருகிறேன், உட்கார்ந்து வரி வரியாகப் படிப்போம்.

தோழமையுடன்,
அம்பத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு கிரைண்டிங் தொழிலாளி