பயிரிடுவோர் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் மருத்துவ குணத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பூண்டை இத்தனை தலைமுறை காப்பாற்றி வந்த முறையைப் பேசுவோர் குறைவு.

பூண்டில் விதை எடுக்க முடியாது. பல்லை ஊன்றித்தான் பயிர் செய்ய வேண்டும். ஆகவே பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி முதலிய மேல்மலைக் கிராமங்களின் அடுக்கு வயல்களில் நிற்கும் நாட்டு ரகம், ஒவ்வோர் அறுவடையிலும், விலை எவ்வளவு ஏறினாலும் ஒரு பங்கை விற்காமல் ஒதுக்கி வைத்த குடும்பங்களால்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. தாளை அறுக்காமல் கட்டுக் கட்டாகக் கட்டி, உயரத்தில் தொங்கவிட்டு, அடியில் புகை மூட்டி வைக்கும் விதைப்பூண்டு பல மாதங்கள் கெடாமல் இருக்கும். பழுப்பேறிய தோலையும் புகை வாடையையும் பார்த்து வாங்குவோர் உண்டு. ஆனால் எந்தப் பூண்டுக்கும் புகை போடலாம் என்பதை அவர்கள் நினைப்பதில்லை.

விற்பனை நடப்பதோ மலையடிவாரத்தில், பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டியில். மோட்டார் சாலை வருவதற்கு முன்பு கொடைக்கானலுக்கு ஏறும் பாதை பெரியகுளத்திலிருந்து வெள்ளகவி வழியாகச் சென்றது. மலைச் சரக்கு இந்தப் பக்கம் இறங்கும் வழக்கம் அப்படித்தான் வேரூன்றியிருக்க வேண்டும் என்று கருதுகிறேன். அங்கிருந்து கைமாறிச் சில்லறைக் கடைக்கு வந்து சேர்வதற்குள், எது மேல்மலையில் விளைந்தது, எது வடமாநிலத்திலிருந்து லாரியில் வந்தது என்று வாங்குபவரால் பிரித்தறிய முடிவதில்லை.

1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. குறியீட்டைப் பெற்ற அமைப்பு மட்டுமன்றி, விளைவிப்போரும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனித்தனியே பதிவு செய்துகொள்ளலாம். போலியை எதிர்த்து வழக்குத் தொடரும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி இதற்காகச் சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்துக்கு அலைவார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. தோட்டக்கலைத் துறையினர் மேல்மலைக் கிராமங்களிலேயே முகாம் நடத்தி விண்ணப்பங்களைப் பெற வேண்டும். நாட்டு விதைப்பூண்டை ஒதுக்கி வைக்கும் குடும்பங்களுக்கு, அறுவடை நேரத்தில் அதை விற்றுவிடாதிருக்க உதவித்தொகையும் வழங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரியகுளம்.